'ரெண்டாவது தடவை ஏன் கேட்டீங்க?'

வாசகர் கேள்வி – பதில்

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் 31 ஆண்டுகள் குழந்தை உளவியல் பாடம் எடுத்தவள் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: குழந்தை எப்படி யோசிக்கிறது? அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

*

மகனுக்கு ஐந்து வயது, அவன் அக்காவுக்கு எட்டு. இருவருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் சரிசமமாகப் பால் ஊற்றினேன். மகள் கேட்டாள் என்று அவள் பாலை மட்டும் உயரமான கண்ணாடி கிளாஸுக்கு மாற்றினேன். 'அக்காவுக்கு மட்டும் நிறைய' என்று அழ ஆரம்பித்துவிட்டான். அவன் கண் முன்னால்தான் மாற்றினேன். திரும்ப டம்ளரில் ஊற்றிக் காட்டினால் 'இப்ப சரி' என்கிறான். கிளாஸில் ஊற்றினால் மறுபடி அழுகை. இவன் புத்தி மந்தமா?
– வாசகி, திருப்பூர்

மந்தம் இல்லை அம்மா. அவன் வயதுக்கு உரிய யோசனை அது. பால் கூடவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? கண்ணால் பார்த்துத் தெரியவில்லை. கண்ணுக்கு உயரமான கிளாஸில்தான் பால் அதிகமாகத் தெரிகிறது. நீங்கள் மனதுக்குள்ளேயே அந்தப் பாலைத் திரும்ப டம்ளரில் ஊற்றிப் பார்த்துவிடுகிறீர்கள். அப்படி மனதுக்குள் ஊற்றிப் பார்ப்பது அவனுக்கு இன்னும் கைவரவில்லை. அதனால் கண் சொல்வதை நம்புகிறான். பொய் அழுகை இல்லை, பிடிவாதமும் இல்லை. அவன் பார்த்த வரையில் அநியாயம் நடந்திருக்கிறது.

இதைப் பொறுமையாக உட்கார்ந்து ஆராய்ந்தவர் ழான் பியாஜே. 1896-இல் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரில் பிறந்தவர். இளம் வயதில் அவருடைய ஆராய்ச்சியெல்லாம் நத்தை, சிப்பி இனங்களைப் பற்றியது. டாக்டர் பட்டமும் அதில்தான். பிறகு பாரிஸுக்குப் போனபோது, பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் தேர்வு வைத்துக் கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது. எத்தனை பதில் சரி என்று எண்ணினால் போதும், வேலை முடிந்தது. அவருக்கோ தவறான பதில்கள்தான் கண்ணில் பட்டன. ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தவறு செய்தார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் தவறுகள் ஆளுக்கொரு பக்கம் சிதறியிருக்கும். அப்படி இல்லை என்றால் அந்தத் தவறுக்குள் ஏதோ ஒரு யோசனை இருக்கிறது. 'ஏன் அப்படிச் சொன்னே?' என்று கேட்க ஆரம்பித்தார். 1980-இல் இறக்கும் வரை, ஏறக்குறைய அறுபது ஆண்டுகள், அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் அடுக்களையில் நடந்தது அவருடைய புகழ்பெற்ற சோதனைகளில் ஒன்று. அவர் செய்தபோது ஐந்து வயதுப் பிள்ளைகள் உங்கள் மகன் சொன்னதைத்தான் சொன்னார்கள். ஏழு, எட்டு வயதில் 'சேர்க்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை, அதே தண்ணிதானே' என்றார்கள். களிமண் உருண்டையை நீட்டினாலும் மண்ணின் அளவு மாறாது என்பது அதே வயதில் வருகிறது. எடை மாறாது என்பது ஒன்பது, பத்தில். அது தண்ணீருக்குள் அடைக்கும் இடம் மாறாது என்பது பதினொன்று, பன்னிரண்டில். ஒரே மண், ஒரே பிள்ளை, மூன்று தனித்தனி வெளிச்சங்கள்!

இங்கே நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாணவிகளுக்குச் செய்து காட்டலாம் என்று ஒரு பால்வாடிக்குப் போனேன். பாயில் புளியங்கொட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கினேன், ஒவ்வொன்றிலும் ஆறு. ஐந்து வயதுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, 'இதுவும் அதுவும் ஒண்ணா?' என்றேன். 'ஒண்ணுதான்' என்றாள். ஒரு வரிசையைப் பரத்தி வைத்தேன். 'இப்ப?' 'இது நிறைய.' நான் சந்தோஷமாக நோட்டில் எழுதிக்கொண்டேன். புத்தகத்தில் போட்டிருந்தபடியே நடந்துவிட்டதல்லவா? மதியம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டு வந்தவள், என் பக்கத்தில் நின்று கேட்டாள்: 'ரெண்டாவது தடவை ஏன் டீச்சர் கேட்டீங்க? மொதல்ல சொன்னது தப்பா?'

அவளுக்கு நான் சொன்ன பதில் நினைவில் இல்லை. அவள் கேட்டது மட்டும் மறக்கவில்லை. பெரியவர்கள் ஒரு கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதல் பதில் சரியில்லை என்று அர்த்தம். வீட்டிலும் பள்ளியிலும் குழந்தை அப்படித்தானே பழகியிருக்கிறது?

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மார்கரெட் டொனால்ட்சனும் ஜேம்ஸ் மெக்கேரிகிளும் இதே சந்தேகத்தைச் சோதனையாகவே செய்து பார்த்திருந்தார்கள் என்று பிறகு படித்தேன். ஆண்டு 1974. நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் 80 பேர். பெரியவர் தன் கையாலேயே வரிசையைப் பரத்திவிட்டுக் கேட்டபோது 13 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். அப்புறம் ஒரு கரடிப் பொம்மையைக் கொண்டுவந்தார்கள். அது குறும்புக்காரக் கரடி. பெட்டியிலிருந்து குதித்துவந்து வரிசையைக் கலைத்துவிடும். 'ஐயோ, கலைத்துவிட்டதே, இப்போது இரண்டும் ஒன்றுதானா?' என்று கேட்டபோது 50 பேர் சரியாகச் சொன்னார்கள். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றைச் செய்துவிட்டுக் கேட்டால், அதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று பிள்ளை நினைக்கிறது. கரடி செய்த குறும்புக்கு அந்தக் கனம் கிடையாது.

அதனால் வீட்டில் இதைச் செய்து பாருங்கள். ஊற்றுகிற வேலையை அவனிடமே கொடுங்கள். 1960-களில் செனகல் நாட்டின் ஓலோஃப் இனக் குழந்தைகளிடம் பாட்ரிசியா கிரீன்ஃபீல்ட் இந்தச் சோதனையைச் செய்தபோது, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளில் சிலர் 'நீங்கள் ஊற்றினீர்கள், அதனால்தான் கூடிவிட்டது' என்றார்களாம். பெரியவர் கைக்கு அப்படி ஒரு சக்தி உண்டு என்ற எண்ணம். தாங்களே ஊற்றிப் பார்த்தபோது சரியாகச் சொன்னவர்களின் எண்ணிக்கை நன்றாகவே ஏறியது. உங்கள் மகனும் டம்ளரிலிருந்து கிளாஸுக்கும், கிளாஸிலிருந்து டம்ளருக்கும் நாலைந்து முறை ஊற்றட்டும். கொஞ்சம் சிந்தும், பரவாயில்லை. அன்றைக்கே புரிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அதுவரை இருவருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் கொடுங்கள். அழுகிற பிள்ளையிடம் தர்க்கம் பேச வேண்டாம்.

*

பேரனுக்கு ஒன்பது மாதம். கிலுகிலுப்பையைத் துண்டால் மூடினால் துண்டை இழுத்து எடுத்துவிடுகிறான். ஆனால் வலப்பக்கம் இரண்டு மூன்று தடவை ஒளித்துவிட்டு, அவன் பார்க்கப் பார்க்கவே இடப்பக்கம் ஒளித்தால், பழையபடி வலப்பக்கம்தான் தேடுகிறான். கண்ணில் ஏதும் கோளாறோ என்று மருமகள் பயப்படுகிறாள்.
– வாசகி, நாகர்கோவில்

மருமகளைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் இவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! பியாஜேவும் தன் மூத்த மகள் ஜாக்லினிடம் இதையே செய்து பார்த்தார். அவளுக்கு அப்போது பத்து மாதம் கடந்திருந்தது. கிளிப் பொம்மையை மெத்தைக்கு அடியில் இடப்பக்கம் இரண்டு முறை ஒளித்தார், எடுத்துவிட்டாள். மூன்றாம் முறை அவள் கண் முன்னால் மெதுவாக வலப்பக்கம் கொண்டுபோய் ஒளித்தார். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொம்மை மறைந்த நிமிடமே இடப்பக்கம் திரும்பித் தேடினாள்.

கண்ணில் படாத பொருளும் உலகத்தில் இருக்கிறது என்பது குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறுதிப்படுகிறது என்று பியாஜே முடிவு கட்டினார். எட்டு மாதத்துக்கு முன்னால், துணியால் மூடினால் பொருளே இல்லாமல் போய்விட்டது போலக் குழந்தை சும்மா இருந்துவிடும். அவர் சொன்னதில் இந்த இடம்தான் பிற்காலத்தில் பலமாக ஆட்டம் கண்டது. 1987-இல் ரெனே பையார்ஜான், கையை நீட்டித் தேடச் சொல்லாமல், குழந்தை எவ்வளவு நேரம் பார்க்கிறது என்பதை மட்டும் அளந்தார். ஒரு பெட்டிக்கு முன்னால் பலகை ஒன்று மேலெழுந்து, பெட்டியை மறைத்துக்கொண்டு பின்பக்கம் சாயும். பெட்டி தடுத்துப் பலகை நின்றுவிட்டால் குழந்தை அதிக நேரம் பார்க்கவில்லை. பெட்டியே இல்லாதது போலப் பலகை முழுதும் சாய்ந்தால் நெடுநேரம் பார்த்தது. மூன்றரை, நாலரை மாதக் குழந்தைகளில் பலரும் அப்படித்தான் பார்த்தார்கள். மறைந்திருக்கும் பெட்டி அங்கேதான் இருக்கிறது என்று ஏதோ ஒரு விதத்தில் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் ஒன்பது மாதப் பிள்ளை ஏன் பழைய இடத்திலேயே தேடுகிறான்? கை பழகிய வழியை நிறுத்துவது மூளையின் முன்பகுதி செய்யும் வேலை. அது மெதுவாகத்தான் வளர்கிறது. ஒளித்தவுடனே தேடவிட்டால் பெரும்பாலும் சரியாக எடுப்பான். சில விநாடி கையைப் பிடித்து வைத்திருந்து விட்டீர்களானால் தவறுவான். இன்னொன்றும் செய்து பாருங்கள். வலப்பக்கம் ஒளிக்கும்போது மடியில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், இடப்பக்கம் ஒளிக்கும்போது தூக்கி நிற்க வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு நிலை மாறினால் தவறு குறைகிறது என்று லிண்டா ஸ்மித், எஸ்தர் தெலென் குழுவினர் 1999-இல் காட்டினார்கள். தேடும் யோசனையில் குழந்தையின் உடம்புக்கும் பங்கு இருக்கிறது.

கண் பற்றிய சந்தேகம் வேறு எதனாலாவது இருந்தால், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இந்த விளையாட்டை வைத்துச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

*

டெட் தேர்வுக்கு இரண்டாவது முறையாகப் படிக்கிறேன். பியாஜேவின் நான்கு நிலைகள், வைகாட்ஸ்கியின் கருத்துகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் இவற்றால் வகுப்பில் என்ன பயன் என்று புரியவில்லை. இருவரில் யார் சொன்னது சரி?
– வாசகர், விழுப்புரம்

தம்பி, குழந்தை மேம்பாட்டுப் பகுதிக்கு 30 மதிப்பெண் இருக்கிறது, அதற்கு மனப்பாடம் உதவட்டும். இரண்டு வயது வரை தொட்டும் வாயில் வைத்தும் அறிவது, ஏழு வரை கண்ணுக்குத் தெரிவதை நம்புவது, பதினொன்று வரை கையில் பொருள் இருந்தால் ஒழுங்காகத் தர்க்கம் செய்வது, அதன்பின் 'இப்படி இருந்தால் என்ன ஆகும்' என்று இல்லாததைப் பற்றியும் யோசிப்பது. அவ்வளவுதான் நான்கு நிலையும். வயதை எழுதி வைத்துக்கொண்டு பிள்ளைகளை அதற்குள் அடைக்காதீர்கள். பியாஜேவே வயதைவிட வரிசையைத்தான் முக்கியமாக நினைத்தார்.

லெவ் வைகாட்ஸ்கியும் அதே 1896-இல் பிறந்தவர்தான், இன்றைய பெலாரஸில். காசநோயால் 1934-இல் இறந்தபோது வயது 37. அவர் எழுதியவை சோவியத் நாட்டிலேயே 1936 முதல் இருபது ஆண்டுகள் முடக்கப்பட்டிருந்தன. அவர் கேட்ட கேள்வியைப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளைகள் இருவர். தனியாகச் செய்யச் சொன்னால் இருவரும் எட்டு வயதுக்குரிய கணக்குவரைதான் செய்கிறார்கள். கொஞ்சம் வழிகாட்டினால் ஒருவன் ஒன்பது வயதுக்குரியதைச் செய்கிறான், இன்னொருவன் பன்னிரண்டு வயதுக்குரியதைச் செய்கிறான். இருவரும் ஒன்றா? நம் பரீட்சை ஒன்று என்று சொல்லும். வைகாட்ஸ்கி இல்லை என்றார். தனியாகச் செய்வதற்கும் துணையோடு செய்வதற்கும் நடுவில் இருக்கிற அந்த இடத்தில்தான் ஆசிரியருக்கு வேலை.

என் மாணவி ஒருத்தி மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் எடுத்தாள். 42-இலிருந்து 17. ஒரு பையன் 35 என்று போட்டிருந்தான். இரண்டிலிருந்து ஏழு போகாது, அதனால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிட்டான். அவள் சிவப்பு மையால் அடிக்கவில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்தாள். நாலு கட்டும் இரண்டு குச்சியும் கொடுத்து, 'பதினேழு குச்சி எனக்குக் கொடு' என்றாள். ஒரு கட்டைக் கொடுத்துவிட்டான். இன்னும் ஏழு வேண்டும், உதிரியாக இரண்டுதான் இருக்கிறது. திகைத்து நின்றான். அவள் சொன்னது ஒரே வார்த்தை: 'கட்டு இருக்கே?' கட்டைப் பிரித்தான். அடுத்த கணக்கில் அவள் வாயே திறக்கவில்லை. குச்சியும் கேட்கவில்லை அவன்.

வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறார்களே, சுவர் எழும்பியதும் பிரித்துவிடுகிறார்களே, அதே சொல்லைத்தான் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் 1976-இல் இப்படிப்பட்ட உதவிக்கு வைத்தார்கள். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் 21 மரக்கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்ட, பக்கத்தில் இருப்பவர் எப்போது கை கொடுக்கிறார், எப்போது கையை எடுக்கிறார் என்று பார்த்த ஆய்வு அது. கையை எடுப்பதுதான் நம்மில் பலருக்கு வருவதில்லை.

யார் சரி என்று கேட்டீர்கள். நாளைய பாடத்தைத் திட்டமிட உட்காரும்போது எனக்கு உதவியவர் வைகாட்ஸ்கி. பையன் 35 என்று எழுதும்போது, அந்த 35 எங்கிருந்து வந்தது என்று தேட வைத்தவர் பியாஜே. சின்னக் குழந்தைகளால் முடியாது என்று பியாஜே சொன்ன சிலவற்றைக் கேட்கிற விதத்தை மாற்றினாலே அவர்கள் செய்துவிடுகிறார்கள். அவரிடம் நான் காணும் பெரிய குறை அதுதான். திருப்பூர் அம்மாவுக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

*

நாலரை வயது மகள் விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொண்டே இருக்கிறாள். 'இப்ப இத இங்க வெக்கணும், ஐயோ விழுந்துடுச்சு, வேற எடு' என்று. பக்கத்தில் யாரும் இல்லை. நிறுத்தச் சொல்லலாமா?
– வாசகர், சென்னை

தயவுசெய்து நிறுத்தச் சொல்லாதீர்கள். அவள் அங்கே யோசித்துக்கொண்டிருக்கிறாள். நாம் வாயை மூடிக்கொண்டு செய்வதை அவள் வாய்விட்டுச் செய்கிறாள்.

இந்தப் பேச்சைத்தான் பியாஜே, மற்றவர் கேட்கிறாரா என்ற நினைப்பே இல்லாத பேச்சு என்றும், வளர வளர மறைந்துவிடும் என்றும் எழுதினார். வைகாட்ஸ்கி இதை ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகள் வரையும்போது வேண்டிய கலர் பென்சில் இல்லாதபடி செய்து பார்த்தார். சிக்கல் வந்ததும் தனக்குத்தானே பேசும் பேச்சு ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. வெட்டிப் பேச்சாக இருந்தால் சிக்கலின்போது ஏன் கூட வேண்டும்? அவர் சொல்லும் ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். ஐந்தரை வயதுப் பிள்ளை ஒன்று டிராம் வண்டி வரைந்துகொண்டிருக்கிறது. சக்கரம் போடும்போது பென்சில் முனை ஒடிந்துவிடுகிறது. அழுத்திப் பார்க்கிறது, தாளில் கோடு விழவில்லை. 'ஒடிஞ்சுபோச்சு' என்று முணுமுணுக்கிறது. பென்சிலை வைத்துவிட்டுத் தண்ணீர் வண்ணத்தை எடுத்து, விபத்தில் உடைந்துபோன டிராமை வரைய ஆரம்பிக்கிறது. தன் வாயில் வந்த சொல்லே அதற்கு அடுத்த வழியைக் காட்டிவிட்டது.

கொஞ்ச நாளில் உங்கள் மகளின் பேச்சு முணுமுணுப்பாகும், பிறகு உதடு மட்டும் அசையும், பிறகு உள்ளே போய்விடும். அதுவரை பக்கத்து அறையிலிருந்து காது கொடுத்துக் கேளுங்கள். ஒரு குழந்தையின் யோசனையை நேரடியாகக் கேட்கக் கிடைக்கும் காலம் மிகக் குறைவு.

*

மூன்றரை வயதுப் பேரன் போனில் தாத்தா 'சாப்பிட்டாயா' என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறான். ஒளிந்து விளையாடச் சொன்னால் தன் கண்ணை மூடிக்கொண்டு 'என்னைக் காணோம்' என்கிறான்.
– வாசகி, காரைக்குடி

தாத்தாவுக்குத் தெரிவது வேறு, தனக்குத் தெரிவது வேறு என்பது இன்னும் அவனுக்குப் பிரியவில்லை. ஆஸ்திரியாவின் விம்மரும் பெர்னரும் 1983-இல் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி என்ற பையன் நீல அலமாரியில் சாக்லேட்டை வைத்துவிட்டு வெளியே போகிறான். அம்மா அதை எடுத்துப் பச்சை அலமாரியில் வைத்துவிடுகிறாள். திரும்பி வரும் மாக்ஸி எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளைகள் 'பச்சை' என்றார்கள். தங்களுக்குத் தெரிந்தது மாக்ஸிக்கும் தெரியும் என்று நினைத்தார்கள். நாலு வயதைத் தாண்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 'நீலம்' வர ஆரம்பிக்கிறது. வீட்டில் பொம்மைகளை வைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள், ஆறு மாதம் கழித்துத் திரும்பச் சொல்லுங்கள். இரண்டு பதிலையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

*

இரண்டு வயதுக் குழந்தைக்குப் படக்கார்டு காட்டிப் பயிற்சி தரும் வகுப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். பியாஜே சொல்லும் வளர்ச்சி நிலைகளைச் சீக்கிரம் தாண்ட வைக்க முடியுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

இதைப் பியாஜேவிடம் அமெரிக்காவில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர் இதற்கு 'அமெரிக்கக் கேள்வி' என்றே பெயர் வைத்துவிட்டார். இப்போது கோயம்புத்தூரிலும் கேட்கிறார்கள். கார்டில் இருக்கும் ஆரஞ்சுப் பழத்தை உரிக்க முடியாது, மோந்து பார்க்க முடியாது, உருட்டிவிட்டுத் துரத்த முடியாது. அந்தக் கட்டணத்துக்குப் பழம் வாங்கிக் கொடுங்கள்.

*

மரியா மாண்டிசோரி தமிழ்நாட்டில் வாழ்ந்தார் என்பது உண்மையா?
– வாசகர், கொடைக்கானல்

உண்மை, உங்கள் ஊரிலேயே! தியசாபிகல் சொசைட்டியின் அழைப்பின்பேரில் 1939-இல் மகன் மாரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். வயது 69. அடுத்த ஆண்டே இத்தாலி போரில் இறங்கியதால், இத்தாலியர்களான அவர்களைப் பிரிட்டிஷ் அரசு எதிரி நாட்டவராக நடத்தியது. மகனைச் சிறைமுகாமில் வைத்தார்கள். அவருடைய எழுபதாவது பிறந்தநாளில் மகனை விடுவித்தார்கள். 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தபோது, வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாகப் படிப்பதை அங்கே நெருங்கிக் கவனித்தார். சுவிட்சர்லாந்தின் மாண்டிசோரி சங்கத்துக்கு பியாஜே தலைவராக இருந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*

எங்களுக்குக் காய்கறிக் கடை. பதினொரு வயது மகன் சனி, ஞாயிறு கடையில் நிற்பான். 'முக்கால் கிலோ தக்காளி, கால் கிலோ வெண்டை' என்றால் எழுதாமலே விலை சொல்லி மீதி கொடுப்பான், ஒரு பைசா தவறாது. பள்ளியில் கணக்கில் ஃபெயில். 'இவனுக்குக் கணக்கே வராது' என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள். எதை நம்புவது?
– வாசகர், மதுரை

கடையில் நீங்கள் கண்ணால் பார்ப்பதை நம்புங்கள். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

பிரேசிலில் ரெசிஃபி என்று ஒரு நகரம். அங்கே தெருவில் விற்கும் பிள்ளைகளிடம், டெரெசினா கராஹர், டேவிட் கராஹர், அனலூசியா ஷ்லிமன் மூவரும் வாடிக்கையாளர்கள் போலப் போய் நின்றார்கள். ஆய்வு வெளிவந்தது 1985-இல். பன்னிரண்டு வயதுப் பையனிடம், தேங்காய் ஒன்று என்ன விலை என்றார்கள். 35 என்றான். பத்து வேண்டும் என்றார்கள். பையன் போட்ட கணக்கைப் பாருங்கள்: மூன்று 105, இன்னும் மூன்று, 210, இன்னும் நாலு வேண்டும்... 315... 350. பத்தால் பெருக்க ஒரு சைபர் சேர்த்தால் போதும் என்று பள்ளி சொல்லித் தந்திருக்கும். அவனுக்கு அது தேவைப்படவில்லை. மூன்று தேங்காய் 105 என்பது அவன் தினமும் சொல்லும் விலை. அதையே படியாக வைத்து ஏறிவிட்டான்.

அப்படி ஐந்து பிள்ளைகளிடம் கடையில் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. பிறகு அதே எண்களை வைத்துத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தார்கள். சரியானவை 37 சதவீதம். பிள்ளை அதே பிள்ளை, எண்ணும் அதே எண்.

நம் நாட்டிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலானோர் செய்த ஆய்வு 2025-இல் வெளியானது. சந்தைப் பிள்ளைகள் வியாபாரத்தில் மனக்கணக்காக வெளுத்துக்கட்டினார்கள், பள்ளிக் கணக்கில் திணறினார்கள். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது, அதை அந்த டீச்சரிடமும் சொல்லுங்கள்: சந்தைப் பழக்கமே இல்லாத பள்ளிப் பிள்ளைகளுக்கு, தாளில் எளிய கணக்கு வந்தாலும் சந்தைக் கணக்கு சரியாக வரவில்லை. இரண்டு பக்கமும் கணக்கு இருக்கிறது, நடுவில் பாலம் இல்லை.

அந்தப் பாலத்தை நீங்களே போட ஆரம்பிக்கலாம். ஞாயிறு மாலை கூட்டம் குறைந்ததும் ஒரு நோட்டை எடுத்து வையுங்கள். அவன் வாயால் சொன்ன கணக்கை, அவன் சொன்ன வழியிலேயே எழுதச் சொல்லுங்கள். கிலோ 40 ரூபாய்த் தக்காளி முக்கால் கிலோ. அவன் 'அரை இருபது, கால் பத்து, முப்பது' என்பான். அதை அப்படியே எழுதட்டும். அதன் பக்கத்திலேயே ¾ × 40 = 30 என்று நீங்கள் எழுதுங்கள். 'நீ சொன்னதை உங்க பள்ளிக்கூடத்துல இப்படி எழுதுவாங்க' என்று சொல்லுங்கள். பத்துப் பதினைந்து கணக்கு சேர்ந்ததும் அந்த நோட்டை டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரின் மனக்கணக்கையும் கேட்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. நோட்டைப் பார்த்தால் எந்த டீச்சருக்கும் புரியும். அவன் முன்னால் மட்டும் 'கணக்கு வராது' என்ற பேச்சை இனி யாரும் பேச வேண்டாம், நீங்களும் சரி, வீட்டில் மற்றவர்களும் சரி.

*

ஐந்து வயதுப் பேத்தி, மொட்டை மாடியில் நடந்தால் நிலா தன் கூடவே வருகிறது என்கிறாள். பூமி, தூரம் என்றெல்லாம் சொல்லித் திருத்தலாமா?
– வாசகர், கும்பகோணம்

இப்போது வேண்டாம் ஐயா. சூரியனும் நிலாவும் தங்கள் கூடவே வருகின்றன என்று ஜெனீவாப் பிள்ளைகளும் பியாஜேவிடம் சொன்னார்கள். அவர் திருத்தவில்லை, இன்னொரு கேள்வி கேட்டார். நீங்களும் அதைக் கேட்டுப் பாருங்கள். அடுத்த பௌர்ணமிக்கு எதிர்வீட்டுப் பிள்ளை யாரையாவது மாடிக்குக் கூப்பிடுங்கள். ஒருத்தி கிழக்கே நடக்கட்டும், இன்னொருத்தி மேற்கே நடக்கட்டும். இரண்டு பேரும் 'என் கூடத்தான் வந்துச்சு' என்பார்கள். அப்போது, 'அப்ப நிலா யார் கூடப் போச்சு?' என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். திரும்பக் கேட்காதீர்கள். அவள் என்ன சொன்னாள் என்பதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எனக்கு எழுதி அனுப்புங்கள்.